மேசை மேல் ஓர் எம்ஆர்ஐ ஸ்கேனர்: கட்டத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

கற்பிப்பதற்காகச் சின்னதாக ஓர் எம்ஆர்ஐ ஸ்கேனரை நாமே கட்டலாம் என்று சொன்னதும் எழும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. ஆசிரியர்கள், பொறியியல் மாணவர்கள், பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் வரும் இடங்களில் எல்லாம் ஒரே கருவியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 0.2 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) நிலைக்காந்தம், 8.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 1 சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஒரு சோதனைக் குழாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் மெஷின் மேசையில் எப்படி அடங்கும்? இது வெறும் மாடல்தானே?

மாடல் இல்லை, உண்மையான எம்ஆர்ஐ. மருத்துவமனைக் கருவி அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உள்ளே ஓர் ஆள் படுக்க வேண்டும் என்பதுதான். அந்த அளவு இடம் முழுக்க 1.5 அல்லது 3 டெஸ்லா புலத்தைச் சீராக நிறுத்த மீகடத்திக் காந்தமும் அதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியமும் தேவைப்படுகின்றன. பார்க்கப்போகும் பொருள் விரல் தடிமன்தான் என்றால் ஒரு ஜோடி நியோடிமியம் காந்தத் தட்டுகள் போதும். அவற்றுக்கு மின்சாரமே வேண்டாம்.

1973-இல் பால் லாட்டர்பர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முதல் எம்ஆர்ஐ படத்தில் இருந்தவை மெல்லிய இரண்டு தண்ணீர்க் குழாய்கள். மில்லிமீட்டர் கணக்கில்தான் இந்தத் துறையே தொடங்கியது. மேசைக் கருவி அந்த அளவுக்கே திரும்பிப் போகிறது.

அப்படியானால் விரலை உள்ளே விட்டு ஸ்கேன் பண்ணலாமா?

கூடாது. மனித உடலில் பயன்படுத்தும் கருவிக்கு மின்காப்பு, ரேடியோ அலையால் திசு சூடாகும் அளவு, கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் புலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) மாற்றத்தால் நரம்பு தூண்டப்படும் அளவு என்று தனி வரம்புகள் உண்டு. அவற்றைச் சோதித்து அனுமதி பெற்ற கருவியில்தான் உடலை வைக்கலாம். இங்கே எண்ணெய்க் குழாய், விதை, பழத்துண்டு, ஜெல் ஆகியவைதான் நமது நோயாளிகள்.

கதிர்வீச்சு உண்டா? பிள்ளைகள் பக்கத்தில் நிற்கலாமா?

எக்ஸ்ரேயில் இருப்பது போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் கிடையாது. காயிலுக்குப் போகும் ரேடியோ சக்தி ஒரு வாட்டுக்குள் அடங்கிவிடும். அஞ்ச வேண்டியது காந்தத்துக்குத்தான். உள்ளங்கை அளவுள்ள இரண்டு நியோடிமியம் தட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மோதினால் இடையில் இருக்கும் விரல் நசுங்கும்; காந்தமே சில்லுசில்லாக உடைந்து தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு காந்தம்தான் மேசையில் இருக்க வேண்டும், மற்றவை அடுத்த அறையில். அலுமினியம் அல்லது பித்தளைக் கருவிகள், மர ஆப்புகள், மெதுவாகத் திருகி இறக்க ஒரு சட்டம் ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு அப்புறம் தொடங்குங்கள்.

நியோடிமியத்தைத் துளையிடவோ அரம் போடவோ கூடாது. அதன் தூள் தீப்பிடிக்கும். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும், எனவே பக்கத்தில் வெப்பத் துப்பாக்கியும் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் 0.5 மில்லிடெஸ்லா எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அந்த எல்லையை அளந்து தரையிலோ மேசையிலோ கோடு போட்டுவிடுங்கள். சிறு காந்தங்களை எண்ணி வைத்து எண்ணி எடுங்கள். ஒரு குழந்தை இரண்டை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? கணக்கு இல்லாமல் சொல்ல முடியுமா?

கொஞ்சம் கணக்கோடு சொன்னால்தான் பின்னால் வரும் பதில்கள் புரியும். தண்ணீரிலும் எண்ணெயிலும் இருக்கும் ஹைட்ரஜனின் கரு ஒரு புரோட்டான்; அது ஒரு குட்டிக் காந்தம். புலத்தில் வைத்தால் அது 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற விகிதத்தில் சுழன்றாடும். 0.2 டெஸ்லாவில் இது ஏறக்குறைய 8.5 மெகாஹெர்ட்ஸ்.

அறை வெப்பநிலையில் புலத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருப்பவை ஒரு கோடி புரோட்டான்களுக்கு ஏழுதான். மற்றவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆனால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் 6.7 × 10²² புரோட்டான்கள் இருப்பதால், அந்தக் கோடிக்கு ஏழும் மொத்தத்தில் பெரிய கூட்டம்தான். அதே அதிர்வெண்ணில் ஒரு சிறு ரேடியோ பல்ஸ் கொடுத்தால் அந்தக் கூட்டம் பக்கவாட்டில் சாய்ந்து ஒன்றாகச் சுழல்கிறது. சுற்றியிருக்கும் காயிலில் சில பத்து மைக்ரோவோல்ட் தூண்டப்படுகிறது. கிரேடியன்ட் காயிலால் புலத்தை ஓர் ஓரத்தில் சற்றுக் கூட்டி மறு ஓரத்தில் சற்றுக் குறைத்தால், இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். வந்த சிக்னலை ஃபூரியர் உருமாற்றத்தால் அதிர்வெண்வாரியாகப் பிரித்தால் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

எந்தக் காந்தம் வாங்குவது? பலம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

பலத்தைவிடச் சீர்மைதான் முக்கியம். முதன்முறை கட்டுபவர் பலத்துக்குச் செலவழிப்பதைச் சீர்மைக்குச் செலவழிக்கட்டும் என்பேன். கணக்கைப் பாருங்கள். மாதிரி இருக்கும் இடத்துக்குள் புலம் பத்து லட்சத்தில் 100 பங்கு, அதாவது 100 பிபிஎம், வேறுபட்டால் 8.5 மெகாஹெர்ட்ஸில் அது 850 ஹெர்ட்ஸ். இந்த அகலத்தில் புரோட்டான்கள் ஒத்திசைவை இழந்து 0.4 மில்லிநொடியிலேயே சிக்னல் தேய்ந்துவிடும். 1000 பிபிஎம் என்றால் சிக்னல் தோன்றியதுமே மறைந்துவிடும்.

வழி இரண்டு. ஒன்று, இரண்டு தட்டுக் காந்தங்களை இரும்புச் சட்டத்தில் எதிரெதிரே பொருத்தி, முகப்பில் மென்மையான இரும்புத் தகடு வைப்பது. அந்தத் தகடு காந்தத்தின் உள்ளே இருக்கும் மேடுபள்ளங்களைச் சமன் செய்கிறது. சட்டம் புலத்தைத் திருப்பி அனுப்புவதால் வெளியே கசிவதும் குறைகிறது. கனம்தான் குறை. மற்றொன்று, துகள் முடுக்கிகளுக்காக இயற்பியலாளர் கிளாஸ் ஹால்பாக் உருவாக்கிய வளைய அடுக்கு. பல சிறு காந்தங்களைத் திசை திருப்பித் திருப்பி வட்டமாக வைத்தால் புலம் உள்ளே சேர்ந்து வெளியே ரத்தாகிறது. எடை குறைவு, 3டி அச்சில் சட்டம் செய்யலாம். ஆனால் கடையில் வாங்கும் காந்தங்கள் ஒன்றுக்கொன்று ஓரிரு சதவீதம் வேறுபடும் என்பதால் ஒவ்வொன்றையும் அளந்து தரம் பிரித்து வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இரும்புச் சட்டத்தில் தொடங்குவது நல்லது.

புலத்தைச் சீராக்க, இரும்புத் துணுக்குகளை முகப்பில் ஒட்டி நகர்த்திப் பார்ப்பது பழைய முறை, இன்றும் வேலை செய்கிறது. புலத்தின் ஆரம்ப வரைபடத்துக்கு, காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சர் போதும். 0.2 டெஸ்லாவில் 100 பிபிஎம் என்பது வெறும் 20 மைக்ரோடெஸ்லா. விலை குறைந்த சென்சருக்கு அது கண்ணில் படாது. கடைசிக் கட்டச் சீரமைப்புக்கு ஸ்கேனரின் சிக்னலே அளவுகோல்: தேய்வு மெதுவானால் சரியான பக்கம் போகிறீர்கள்.

ரேடியோ பல்ஸை அனுப்பிச் சிக்னலைப் பிடிக்கும் ஆர்எஃப் காயிலை எப்படிச் சுற்றுவது?

இரண்டு காந்தங்களுக்கு இடையே புலம் மேலிருந்து கீழாக ஓடினால், சோதனைக் குழாயைப் படுக்க வைத்து அதன் மேல் சாதாரண சுருள் சுற்றினால் போதும். காயிலின் அச்சு முதன்மைப் புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இதை மறந்தால் எத்தனை வாட் கொடுத்தாலும் பயனில்லை. 10 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் நீளம், 20 சுற்று என்றால் ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றி வரும். 8.5 மெகாஹெர்ட்ஸில் அதை ஒத்ததிர வைக்க மொத்தம் 175 பிக்கோஃபாரட் வேண்டும். அதை டியூனிங், மேட்சிங் என்று இரண்டு மாறு கெபாசிட்டர்களாகப் பிரித்து 50 ஓமுக்குப் பொருத்துங்கள். நானோவிஎன்ஏ போன்ற சிறு பகுப்பாய்வுக் கருவி இருந்தால் திரையில் பள்ளம் விழும் இடத்தைப் பார்த்தே சரிசெய்துவிடலாம்.

கெபாசிட்டர்களைச் சோல்டர் செய்யுமுன் காந்தத்தின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பலவற்றின் முனைகளில் நிக்கல் பூச்சு இருக்கும். அவை காந்தத்தோடு ஒட்டிக்கொள்வதோடு மாதிரிக்குப் பக்கத்திலேயே புலத்தையும் கெடுக்கும்.

ஒரே காயிலில் அனுப்பவும் வேண்டும், கேட்கவும் வேண்டும் என்றால் பிரீஆம்ப் எரிந்துவிடாதா?

பிரீஆம்ப், அதாவது வரும் சிறு சிக்னலை முதலில் பெருக்கும் சுற்று, காப்பு இல்லாவிட்டால் எரியும். மேலே சொன்ன காயிலில் 20 மைக்ரோநொடியில் 90 டிகிரி பல்ஸ் (புரோட்டான் கூட்டத்தை முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்கும் பல்ஸ்) கொடுக்க, காயில் முனைகளில் 40 வோல்ட்டுக்கு மேல் எழும். திரும்பி வருவதோ சில பத்து மைக்ரோவோல்ட். பத்து லட்சம் மடங்கு வேறுபாடு.

இதற்கு எளிய தீர்வு எதிரெதிராகக் கட்டிய சிலிக்கான் டையோடு ஜோடிகளும் கால் அலைநீள இணைப்பும். அனுப்பும் பக்கத்தில் தொடராக ஒரு ஜோடி: பெரிய மின்னழுத்தத்தைக் கடத்தும், ஆம்ப்ளிஃபையரின் சிறு இரைச்சலை நிறுத்தும். பிரீஆம்ப் வாசலில் தரைக்கு இன்னொரு ஜோடி: பல்ஸ் வரும்போது குறுக்குச் சுற்றாகிறது, கால் அலைநீளம் அதைக் காயில் பக்கத்திலிருந்து திறந்த சுற்றாகக் காட்டுகிறது. 8.5 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளத்துக்குக் கோஆக்சியல் கேபிளை வெட்டினால் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் சுருட்டி வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் 0.94 மைக்ரோஹென்றி சுருளும் இரு பக்கமும் 375 பிக்கோஃபாரட்டும் வைத்தால் தீப்பெட்டி அளவில் முடிந்துவிடும்.

பல்ஸ் உண்டாக்கவும் சிக்னலைப் பதியவும் விலையுயர்ந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இன்று மேசை எம்ஆர்ஐ சாத்தியமானதே இந்த இடத்தில் வந்த மாற்றத்தால்தான். ரெட் பிடாயா போன்ற எஃப்பிஜிஏ (வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகை நொடிக்கு 12.5 கோடி மாதிரிகளை 14 பிட்டில் எடுக்கிறது. 8.5 மெகாஹெர்ட்ஸை இடையில் எந்தக் கலப்பியும் இல்லாமல் நேரடியாகப் பதிந்து, உள்ளேயே கீழிறக்கித் தரும். இதற்கென்றே ஓக்ரா, மார்கோஸ் என்ற திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. பைத்தானில் பல்ஸ் வரிசை எழுதலாம். அனுப்புவதும் பெறுவதும் ஒரே கடிகாரத்தில் ஓடுவது கட்டாயம். இல்லாவிட்டால் வரிக்கு வரி அலையின் கட்டம் (ஃபேஸ்) அலைந்து படம் உருவாகாது. கிரேடியன்ட்டுக்கு மூன்று மெதுவான வெளியீடுகள் தனியாகத் தேவை, அதற்கு ஒரு துணைப் பலகை சேர்க்க வேண்டும்.

எல்லாம் மாட்டியாச்சு, சிக்னலே வரவில்லை. எங்கே தேடுவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பலர் திட்டத்தைக் கைவிடும் இடமும் இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். முதலில் மாதிரி. சுத்தத் தண்ணீர் வேண்டாம், தாவர எண்ணெய் நிரப்பிய குழாயை வையுங்கள். தண்ணீரின் புரோட்டான்கள் மீண்டும் சீரடைய இரண்டு மூன்று நொடி எடுக்கும். எண்ணெய்க்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு போதும். நீங்கள் திரும்பத் திரும்பப் பல்ஸ் கொடுத்துத் தேடும்போது இந்த வேகம் பெரிய உதவி.

அடுத்தது அதிர்வெண். ஹால் சென்சர் 1 சதவீதம் தவறினாலும் அது 85 கிலோஹெர்ட்ஸ் விலகல். 20 மைக்ரோநொடிப் பல்ஸ் ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் தொடும். எனவே 20 கிலோஹெர்ட்ஸ் படிகளில் மேலும் கீழும் நகர்ந்து தேடுங்கள். காயிலின் தரக்காரணி (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) 50 என்றால் அதன் அகலம் 170 கிலோஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால் காயிலையும் திரும்ப டியூன் செய்ய வேண்டும்.

மூன்றாவது, கண்ணை ஏமாற்றும் போலிச் சிக்னல்கள். பல்ஸ் முடிந்ததும் காயிலும் பக்கத்து உலோகமும் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அது திரையில் அழகான தேய்வலையாகத் தெரியும், மாதிரியை எடுத்தாலும் போகாது. உறுதிசெய்ய ஒரே நம்பகமான வழி எக்கோ. 90 டிகிரி பல்ஸுக்கும், அதைப் போல் இரு மடங்கு திருப்பும் 180 டிகிரி பல்ஸுக்கும் இடைவெளி 2 மில்லிநொடி என்றால், இரண்டாவது பல்ஸிலிருந்து 2 மில்லிநொடி கழித்து ஒரு மேடு எழ வேண்டும். இடைவெளியை 3 ஆக்குங்கள். மேடும் 3-க்கு நகர்ந்தால் அது புரோட்டான்தான். நகராமல் பல்ஸோடு ஒட்டியே நின்றால் அது காயிலின் அதிர்வு.

எதற்கு எக்கோ? முதல் பல்ஸிலேயே சிக்னல் வருகிறதே, அதைப் பதியக் கூடாதா?

மிகச் சீரான காந்தம் இருந்தால் பதியலாம். நமது கருவியில் அது 0.4 மில்லிநொடியில் தேய்கிறது என்று காந்தக் கேள்வியில் பார்த்தோம். அதற்குள் கிரேடியன்ட்டை ஏற்றி, 64 புள்ளிகள் பதிய நேரம் இல்லை. இயற்பியலாளர் எர்வின் ஹான் 1950-இல் வெளியிட்ட ஸ்பின் எக்கோ இந்த இழப்பைத் திருப்பித் தருகிறது. புலம் கூடிய இடத்தில் இருப்பவை முந்துகின்றன, குறைந்த இடத்தில் இருப்பவை பிந்துகின்றன. 180 டிகிரி பல்ஸ் முந்தியவற்றை அதே அளவு பிந்தியவையாக்கிவிடும். வேகம் மாறாததால் அதே நேரம் கழிந்ததும் எல்லாம் மறுபடி ஒன்றுசேரும். காந்தத்தின் கோளாறு இப்படி ரத்தாகிறது. மூலக்கூறுகளின் தற்செயல் மோதல்களால் வரும் டி2 தேய்வு மட்டும் ரத்தாகாது. எக்கோவின் உயரத்தை இடைவெளிக்கு எதிராக வரைந்தால் மாணவர் டி2-வைத் தாமே அளந்துவிடுவார்.

கிரேடியன்ட் காயிலுக்கு ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போதுமா?

நேரடியாக மாட்டினால் போதாது. வாசிக்கும் நேரத்தில் கிரேடியன்ட் அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் ஆடியோ ஆம்ப்ளிஃபையர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். மின்னோட்டத்தை அளந்து பின்னூட்டம் செய்யும் பவர் ஆப்ஆம்ப் சுற்று எளிது, அமைதியானது. 1 சென்டிமீட்டரை 20 கிலோஹெர்ட்ஸில் பரப்ப மீட்டருக்கு 47 மில்லிடெஸ்லா வேண்டும். மருத்துவமனைக் கருவிகளின் அளவுக்கு இணையான எண் இது. சுருள் மாதிரிக்கு மிக அருகில் இருப்பதால் சில ஆம்பியரிலேயே கிடைத்துவிடும். இரும்புச் சட்டக் காந்தத்துக்குச் சர்க்யூட் பலகையில் பொறித்த தட்டைச் சுருள்கள் வசதி.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. மூன்று கிரேடியன்ட்டும் மூன்று திசைப் புலங்களை உண்டாக்குவதில்லை. மூன்றுமே முதன்மைப் புலத்தின் திசையிலேயே கூட்டிக் குறைக்கின்றன. எந்தத் திசையில் நகர்ந்தால் அது மாறுகிறது என்பதுதான் வேறுபாடு.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு எக்கோவைப் பதிந்தால் படத்துக்கான ஒரு வரி கிடைக்கும். 64 வரிகள், வரிக்கு அரை நொடி என்றால் 32 நொடி. சுத்தத் தண்ணீருக்கு வரிக்கு 3 நொடி காத்திருந்தால் 3 நிமிடம் 12 நொடி. தண்ணீரில் கொஞ்சம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கரைத்தால் சீரடையும் நேரம் சில நூறு மில்லிநொடியாகக் குறையும். அது நஞ்சு என்பதால் குழாயை அடைத்துப் பெயர் ஒட்டி வையுங்கள்.

காலையில் நன்றாக வந்த சிக்னல் மத்தியானம் காணோம். ஏதாவது கெட்டுவிட்டதா?

ஒன்றும் கெடவில்லை, அறை சூடாகிவிட்டது. நியோடிமியம் காந்தத்தின் பலம் ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். நமது அதிர்வெண்ணில் அது டிகிரிக்கு 9 கிலோஹெர்ட்ஸ். 20 கிலோஹெர்ட்ஸை 64 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு 312 ஹெர்ட்ஸ்தான். அதாவது காந்தம் ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு சூடானாலே படம் ஒரு புள்ளி நகர்ந்துவிடும். சட்டத்தைக் கையால் தொட்டுப் பிடித்திருந்தாலே இது நடக்கும்.

காந்தத்தைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, அறையைவிடச் சில டிகிரி மேலே நிலைநிறுத்தும் சிறு ஹீட்டர் வைப்பது நல்ல தீர்வு. அதைவிட எளிது, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் அதிர்வெண்ணை அளந்து மையத்தைத் திருத்துவது. நீண்ட ஸ்கேனில் சில வரிகளுக்கு ஒருமுறை திருத்துங்கள். கிரேடியன்ட் சுருளின் சூடும் காந்தத்தில் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வட்டக் குழாய் முட்டை மாதிரி தெரிகிறது. மென்பொருள் பிழையா?

முதலில் கிரேடியன்ட் அளவுகளைச் சரிபாருங்கள். இரண்டு அச்சுக்கும் ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு என்பது வேறாக இருந்தால் படம் நீளும். அது சரியாக இருந்தும் விளிம்பு மட்டும் வளைந்தால் காரணம் காந்தம். ஸ்கேனருக்கு அதிர்வெண்தான் இடம். 850 ஹெர்ட்ஸ் வேறுபாடு காந்தத்திலேயே இருந்தால், புள்ளிக்கு 312 ஹெர்ட்ஸ் கணக்கில் சில பகுதிகள் இரண்டு, மூன்று புள்ளி தள்ளி விழும்.

எக்கோ இதை ஏன் சரிசெய்யவில்லை என்று அடுத்து கேட்பார்கள். எக்கோ உச்சத்தில்தான் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. வாசிக்கும் நேரம் முழுக்க அந்த அதிர்வெண் வேறுபாடு இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் கட்டக் குறியீட்டுத் திசையில் (கிரேடியன்ட்டை வரிக்கு வரி மாற்றி, அலையின் கட்டத்தால் இடத்தைக் குறிக்கும் திசையில்), வரிக்கு வரி மாறுவது கிரேடியன்ட் மட்டுமே என்பதால் அங்கே வளைவு வராது. இரண்டு திசைகளையும் மாற்றிப்போட்டு மறுபடி எடுங்கள்: வளைவும் திசை மாறும். பாடநூலில் பக்கக்கணக்கில் படித்தாலும் பதியாத விஷயம் இந்த இரண்டு படங்களை அருகருகே வைத்ததும் புரிந்துவிடும். கிரேடியன்ட்டை வலுவாக்கினால் வளைவு குறையும், ஆனால் பட்டை அகலம் கூடுவதால் இரைச்சல் ஏறும். இரட்டிப்பாக்கினால் இரைச்சல் 1.4 மடங்கு.

படத்தில் ஒரு கோடு விழுகிறது, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது. ஏன்?

கோடு வெளியிலிருந்து வருகிறது. 8.5 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வரிசை. வானொலியும் வரும், லேப்டாப் சார்ஜர், எல்இடி விளக்கு ஆகியவற்றின் இரைச்சலும் வரும். மாறாத அதிர்வெண் என்பதால் படத்தில் ஒரே நிரலில் கோடாக விழுகிறது. அலுமினியப் பெட்டிக்குள் காயிலை மூடி, உள்ளே போகும் ஒவ்வொரு கிரேடியன்ட் கம்பிக்கும் வடிகட்டி வையுங்கள். வடிகட்டாத ஒரே ஒரு கம்பி ஆன்டெனாவாகி முழுப் பெட்டியையும் பயனற்றதாக்கிவிடும். நடுப்புள்ளி பதிவுக் கருவியின் நிலையான விலகல். 90 டிகிரி பல்ஸின் கட்டத்தை அடுத்தடுத்த முறை தலைகீழாக்கிக் கழித்தால் மறைந்துவிடும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாமா? கொழுப்பையும் தண்ணீரையும் பிரிக்கலாமா?

1 சென்டிமீட்டரில் 64 புள்ளி என்றால் ஒரு புள்ளி 0.16 மில்லிமீட்டர். மூன்று திசையிலும் பாதியாக்கினால் ஒரு புள்ளி குறிக்கும் சிறு பெட்டியில் இருக்கும் தண்ணீர் எட்டில் ஒன்றாகிறது. சராசரி எடுத்து அதை ஈடுகட்ட 64 மடங்கு நேரம் வேண்டும், ஏனென்றால் நேரத்தின் வர்க்கமூல அளவுக்குத்தான் சிக்னல் மேம்படும். அரை நிமிடப் படம் அரை மணியைத் தாண்டும்.

கொழுப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாடு ஏறக்குறைய 3.5 பிபிஎம், இங்கே 30 ஹெர்ட்ஸ். 850 ஹெர்ட்ஸ் அகலத்தில் அது புதைந்துவிடும். ஆனால் சீரடையும் வேகத்தால் பிரிக்கலாம். எண்ணெய்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்து வைத்து, குறுகிய காத்திருப்பில் எடுத்தால் எண்ணெய் மட்டும் பளிச்சென்று தெரியும். காத்திருப்பைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் மேலே வரும்.

இதையே பெரிதாக்கினால் தலையை ஸ்கேன் பண்ணும் மெஷின் ஆகிவிடுமா?

கொள்கை அதுதான். தலை அளவுள்ள ஹால்பாக் காந்தங்கள் 50 மில்லிடெஸ்லா அளவில், அதாவது 2.1 மெகாஹெர்ட்ஸில், ஆய்வுக்கூடங்களில் இயங்குகின்றன. 2022-இல் உகாண்டாவின் எம்பராரா நகரப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்றை அங்கேயே கட்டி எழுப்பினார்கள். ஆனால் புலம் குறையும்போது சிக்னல் வேகமாக விழும், தலையே ஆன்டெனாவாகி இரைச்சலைக் கொண்டுவரும், அதோடு இரண்டாவது கேள்வியில் சொன்ன வரம்புகள் அனைத்தும் வந்து சேரும். மேசைக் கருவியில் எக்கோவைத் தேடிப் பழகிய ஒருவர் அந்தக் குழுவில் முதல் நாளிலிருந்தே பயன்படுவார்.

மாணவர்களுக்கு நாமே கட்டிக் கொடுப்பதா, அவர்களையே கட்ட விடுவதா?

பாதிப் பாதி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மார்ட்டினோஸ் மையம் வகுப்புக்கென்றே இப்படி ஒரு கருவியை வடிவமைத்து வரைபடங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத் தொடங்குவது நல்லது. காந்தத்தை ஆசிரியர் கட்டிவிடட்டும், காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது. பலகையும் மென்பொருளும் தயாராக இருக்கட்டும். ஆனால் ஆர்எஃப் காயிலை ஒவ்வொரு குழுவும் தன் கையால் சுற்றட்டும், எக்கோவைத் தானே தேடிப் பிடிக்கட்டும்.

முதல் வகுப்பிலேயே படம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். எக்கோ, அப்புறம் டி2 அளவீடு, அப்புறம் ஒரே ஒரு கிரேடியன்ட்டை வைத்து இரண்டு குழாய்களின் ஒற்றைப் பரிமாண நிழல், கடைசியில்தான் இரு பரிமாணப் படம். மருத்துவமனைக் கருவி இந்தப் படிகளை எல்லாம் மூடி மறைத்துவிடுகிறது. நிழலில் இரண்டு மேடுகள் எழுவதைப் பார்த்து, குழாய்களைத் திருப்பினால் அவை நெருங்கி ஒன்றாவதையும் பார்த்த மாணவருக்கு, படத்தை எப்படிக் கணக்கிடுவது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியது அதிகம் இருக்காது. அந்த வகுப்புக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். நடுவில் காந்தம் சூடாகும், அதிர்வெண்ணைத் தேட வேண்டிவரும்.